மணிச் சத்தம் நின்றதும்: வடக்கு மின்னசோட்டாவில் மூன்று நாள் கிரவுஸ் வேட்டை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மின்னியாபோலிஸில் எச்1பி விசாவில் வேலை. அலுவலக நண்பர்கள் இருவர் அக்டோபரில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, கிரவுஸ் என்ற காட்டுப் பறவையைச் சுட மூன்று நாள் வேட்டைக்கு வடக்கே போகிறார்கள். மூன்றாவது ஆளாக உங்களைக் கூப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து துப்பாக்கியைத் தொட்டதில்லை. போகலாமா, சட்டம் விடுமா, கட்டுகிற பணத்துக்கு எத்தனை பறவை தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: ஒன்றுமே தேறாமல் போகலாம். துலூத் நகருக்கு வடக்கேயுள்ள காடுகளில் பதினேழு இலையுதிர்காலமாக நடக்கிறேன். வெறும் பையோடு வண்டிக்குத் திரும்பிய நாள்கள் எண்ணி மாளாது. அதனால்தான் இந்தப் பக்கத்து வழிகாட்டிகள் சுட்டு வீழ்த்திய எண்ணிக்கையைப் பேசுவதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பறவை கிளம்பியது என்பதே இங்கே கணக்கு. மணிக்கு மூன்று நான்கு கிளம்பினால் நல்ல நாள் என்பேன். அவற்றில் பாதியைக் கண்ணால் பார்க்கவே முடியாது, இறக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். பார்த்தவற்றில் சிலவற்றைத்தான் சுட வாய்க்கும். சுட்டவற்றில் பெரும்பாலானவை தப்பிவிடும், அதிலும் முதல் முறை போகிறவருக்கு. தலைக்கு இத்தனை டாலர் என்று பறவையை விலை போட்டுக்கொண்டு போனால் இரண்டாம் நாள் மதியமே மனம் கசந்துவிடும். நீங்கள் பணம் கொடுப்பது வழிகாட்டியின் நாய்களுக்கும், எந்தக் காட்டுத் துண்டுக்கு இந்த ஆண்டு என்ன வயது என்று அவர் மனதில் வைத்திருக்கும் கணக்குக்கும்தான். அந்தக் கணக்கு என்னவென்று பிறகு சொல்கிறேன், ஏனென்றால் முழு வேட்டையும் அதில்தான் இருக்கிறது.

நண்பர்கள் கிரவுஸ் என்று சொல்வது ரஃப்டு கிரவுஸை. அரை கிலோவுக்குச் சற்று மேல் எடை, விடலைக் கோழியின் உருவம், சருகின் நிறம், கழுத்தைச் சுற்றி விரியக்கூடிய கரிய இறகுக் கற்றை. உள்ளூர்ப் பெரியவர்கள் இதைப் பார்ட்ரிட்ஜ் என்பார்கள். பெயரைக் கேட்டுக் கௌதாரி என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. ஏப்ரல் விடியலில் ஆண் பறவை விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் மேல் ஏறி நின்று இறக்கைகளை அடிக்கும். தூரத்தில் யாரோ பழைய டிராக்டரைக் கிளப்பப் பார்ப்பதுபோல் மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, சட்டென்று ஓயும் சத்தம். மரத்தைத்தான் அடிக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அடிபடுவது வெறும் காற்று. மிகத் தாழ்ந்த ஒலி என்பதால் காதுக்கு முன் நெஞ்சுக்குத் தெரியும். மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை 1949 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டுச் சாலைகளில் நின்று இந்தச் சத்தத்தை எண்ணி வருகிறது. அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வடக்கில் முயல்கள் குறையும்போது பெரிய வல்லூறுகளும் ஆந்தைகளும் தெற்கே இறங்குவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நண்பர்கள் "போன தடவை பறவை கொட்டிக் கிடந்தது" என்று சொன்னால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். ஏறுமுக ஆண்டின் கதையை இறங்குமுக ஆண்டில் எதிர்பார்க்கக் கூடாது.

அதே காட்டில் இன்னொரு பறவையும் கிளம்பும், வுட்காக். நம் வயல் உள்ளானின் உறவு. உள்ளங்கையில் அடங்கும் உடல், மண்ணுக்குள் விட்டு மண்புழுவைப் பிடிக்க நீண்ட அலகு, அலகின் நுனியை மட்டும் தனியாகத் திறக்கும் வித்தை. கண்கள் தலையில் வெகுவாகப் பின்னேறி இருப்பதால், குனிந்து இரை தேடும்போதே முதுகுப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். இதன் ஐரோப்பிய வகை குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வந்துபோவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் அதைத் தேடித் திரிந்த காலமும் உண்டு. இங்கிருப்பது அமெரிக்க வகை, அக்டோபரில் இரவு நேரங்களில் பறந்து லூசியானா பக்கம் போகிறது. நேற்று காலியாக இருந்த ஈரநிலத்து ஆல்டர் புதரில் இன்று காலை பத்துப் பதினைந்து உட்கார்ந்திருக்கும். நாளை ஒன்றும் இருக்காது. ஈரத்தரையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை எச்சம் கண்டால் வந்திருக்கின்றன என்று பொருள். புதியவருக்கு வுட்காக்தான் கருணை காட்டும் பறவை. நாய் முகர்ந்து நின்ற இடத்திலேயே அசையாமல் இருக்கும், நாம் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை. கிரவுஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாய் நின்றுகொண்டிருக்கும்போதே அது தரையில் நடந்து நழுவிப் போய், நாம் எதிர்பார்க்காத மரத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பும்.

இனி அந்தக் கணக்கு. வடக்கு மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகனின் மேல் தீபகற்பம் மூன்றிலும் கிரவுஸின் காடு என்றால் ஆஸ்பென் மரக்காடு. உள்ளூரில் பாப்பிள் என்பார்கள். காகித ஆலைக்காக இந்த மரத்தை மொட்டையாக வெட்டிவிட்டால் வேர் சாவதில்லை. வாழைக்குப் பக்கக்கன்று கிளம்புவதுபோல் வேரிலிருந்து குருத்துகள் கிளம்பும், ஏக்கருக்குப் பத்தாயிரக்கணக்கில். முதல் சில ஆண்டுகள் அது நுழைய முடியாத நாற்றங்கால். பிறகு வெயிலுக்கான போட்டியில் பாதிக்கு மேல் தாமாகவே செத்து விழ, மீதி மணிக்கட்டுப் பருமன் ஆகும். வெட்டியதிலிருந்து ஏறத்தாழப் பத்து முதல் இருபது ஆண்டு வரையிலான இந்தப் பருவம்தான் கிரவுஸுக்கு வீடு. தலைக்கு மேல் கம்புகள் நெருக்கமாக இருப்பதால் வல்லூறு பாய முடியாது. தரையில் நடக்க இடம் இருக்கிறது. இன்னும் வயதானால் காடு திறந்துவிடும், பறவை போய்விடும். ஆனால் முதிர்ந்த ஆஸ்பெனும் பக்கத்திலேயே வேண்டும், ஏனென்றால் பனிக்காலம் முழுவதும் பறவை தின்பது அதன் மொட்டுகளைத்தான். துலூத்துக்குப் பக்கத்தில் க்ளோக்கேயில் உள்ள மின்னசோட்டா பல்கலைக்கழகக் காட்டில், 1950களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு இதையே ஆராய்ந்தவர் கார்டன் கல்லியன். வெவ்வேறு வயது ஆஸ்பென் துண்டுகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும், ஒரு பறவை நடந்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்படி, என்பது அவர் வேலையிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம்.

மரம் வெட்டிய இடத்தைப் பார்த்து முகம் சுளிப்பது நமக்கு இயல்பு. நானும் வந்த புதிதில் சுளித்தவன்தான். இந்தப் பறவைக்கு அந்த மொட்டைத் தரை பத்து ஆண்டு கழித்துத் திறக்கப்போகும் வீடு. வெட்டும் நின்று, தீயும் அணைக்கப்பட்டு, காடு முழுக்கக் கிழடான இண்டியானாவில் 2020இல் ரஃப்டு கிரவுஸ் அருகிவரும் பறவைகளின் மாநிலப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எல்லா வெட்டும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்பென் என்ற ஒரு மரத்தின் குணத்தைச் சொல்கிறேன்.

ஆக, வழிகாட்டி உங்களை ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் அழைத்துப்போக முடியாது. அவருடைய பொக்கிஷமான இடம் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு முன் எது வெட்டப்பட்டது, எந்தத் துண்டு இப்போதுதான் பதம் ஆகிறது, எந்த ஓடைக்கரையில் ஆல்டரும் ஆஸ்பெனும் கை கோக்கின்றன என்று கோடைமுழுவதும் சுற்றிப் பார்த்து வைத்திருப்பார். அமர்த்துவதற்கு முன் நண்பர்களை விட்டு அவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எத்தனை நாய், ஒவ்வொன்றும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடும்? எந்த நிலத்தில் வேட்டை, அது தேசியக் காடு என்றால் அங்கே கட்டண வழிகாட்டியாக வேலை செய்யக் காட்டுத் துறையின் அனுமதி உண்டா? ஒரு நேரத்தில் எத்தனை துப்பாக்கிக்கு அனுமதி தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "மூன்று பேரும் சுடலாம்" என்று சொன்னால் எனக்கு அந்த வழிகாட்டியைப் பிடிக்காது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத காட்டில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. "பறவைக்கு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால் அது பண்ணையில் வளர்த்த ஃபெசன்ட் என்ற பறவையைக் காலையில் திறந்துவிட்டுச் சுடவைக்கும் இடமாக இருக்கும். அதுவும் ஒரு பொழுதுபோக்குத்தான், ஆனால் நீங்கள் கேட்டது அதைப் பற்றி அல்ல. கிரவுஸைப் பண்ணையில் வளர்த்து விடும் பழக்கம் இல்லை. இருப்பதெல்லாம் காட்டில் பொரித்ததுதான்.

நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மான் வேட்டைபோல் நள்ளிரவில் எழ வேண்டாம். காலைப் பனி சற்று உலர்ந்த பிறகு எட்டரை ஒன்பதுக்கு வண்டி ஒரு மண்சாலை ஓரத்தில் நிற்கும். வண்டியின் பின்னால் பெட்டிகளில் நான்கைந்து நாய்கள், எல்லாம் தன்னைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்று கத்தும். இங்கிலீஷ் செட்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர் இவைதான் அதிகம். வழிகாட்டி ஒன்றிரண்டை இறக்கி, கழுத்தில் வெண்கல மணியும் ஜிபிஎஸ் பட்டையும் கட்டுவார். பிறகு உங்களை ஒரு பக்கமும் நண்பரை மறுபக்கமும் நிறுத்தித் தான் நடுவில் நடப்பார். காட்டுக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடம் யாரும் யாருக்கும் தெரியமாட்டார்கள். அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டே நேர்க்கோட்டில் நடக்க வேண்டும். முன்னால் ஓடக் கூடாது, பின்தங்கவும் கூடாது. கம்புகள் முகத்தில் அறையும். கீழே விழுந்த பழைய மரங்கள் முழங்காலைத் தேடி வந்து இடிக்கும். சதுப்பில் கால் கணுக்கால்வரை போகும். நாளுக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் இப்படி.

மணி கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும்வரை நாய் தேடுகிறது என்று அர்த்தம். மணி நின்றால் நாய் நின்றுவிட்டது. பறவையின் வாடையை எட்டிய இடத்தில், ஒரு கால் பாதி தூக்கியபடி, சிலைபோல். அந்த அமைதியை விவரிப்பது கடினம். ஒரு வகுப்பறையே சட்டென்று பேச்சை நிறுத்தினால் நமக்குக் காதில் ஏதோ அடைத்ததுபோல் இருக்குமே, அப்படி. வழிகாட்டி தணிந்த குரலில் "நீங்கள் வலப்பக்கமாக வாருங்கள், நாயைத் தாண்டி நடங்கள், நிற்காதீர்கள்" என்பார். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம்: நின்று தரையைப் பார்க்கிறோம். தரையில் பறவை தெரியாது. கண்ணை உயர்த்தி, வானம் எங்கே தெரிகிறது, சுட எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நாம் நிற்கும் நொடியைத்தான் கிரவுஸ் தேர்ந்தெடுக்கும். காலடியில் பட்டாசுச் சரம் வெடித்ததுபோல் இறக்கை ஒலிக்கும். அது வேண்டுமென்றே ஒரு தடித்த மரத்தை நமக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போகிறது என்று எல்லா வேட்டைக்காரரும் சத்தியம் செய்வார்கள். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து சுட உங்களுக்கு இருப்பது ஒரு நொடி, அதிகம் போனால் ஒன்றரை. பெரும்பாலும் இருபது மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். தப்பினால் அது இறங்கிய திசையைக் குறித்துக்கொண்டு மறுபடி போவார்கள்.

தரையிலோ தாழ்வாகவோ போகும் பறவையைச் சுடக் கூடாது. இதைச் சட்டப் பேச்சாகச் சொல்லவில்லை. என் இரண்டாவது பருவத்தில் ஒரு வழிகாட்டியோடு போயிருந்தேன். நாய் நின்றது, கிரவுஸ் என் இடுப்பு உயரத்தில் கிளம்பி நேராகப் போனது, நான் சுட்டேன். நாய் அந்தப் பக்கம் நான்கு மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார், திறந்தார், தோட்டாக்களைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், காலித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலைவரை அந்தக் காலித் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு நடந்தேன். அவமானம்தான். ஆனால் சுடும் எண்ணம் கையிலிருந்து போன பிறகுதான் முதன்முறையாக நாயைப் பார்த்தேன்: காற்றுக்கு எதிராக எப்படி வளைந்து வருகிறது, கிரவுஸ் என்றால் எட்ட நின்றும் வுட்காக் என்றால் கிட்ட நெருங்கியும் எப்படி நிற்கிறது, மணி தயங்கித் தயங்கி ஒலித்தால் பறவை நடந்துபோகிறது என்று எப்படித் தெரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் கற்காததை அந்த மதியத்தில் கற்றேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: முதல் நாள் துப்பாக்கி வேண்டாம். எப்படியும் மூன்று பேரில் ஒருவர் கைவீசித்தான் நடக்க வேண்டும்; அந்த இடத்தை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு இரண்டடி பின்னால் நடந்து, நாயை மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள் பிடித்திருந்தால் துப்பாக்கி எடுங்கள். பிடிக்காவிட்டால் மூன்று நாளும் அப்படியே நடக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

சட்டம். இதை அலட்சியமாக விடாதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. வரிசை முக்கியம்: முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. "வா, சனிக்கிழமை சும்மா களிமண் தட்டு சுட்டுப் பழகலாம்" என்று நண்பர் கூப்பிட்டால், இரவல் துப்பாக்கியாக இருந்தாலும், உரிமம் வாங்கும்வரை போகாதீர்கள். விசா, பச்சை அட்டை எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். ஐயம் இருந்தால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். மின்னசோட்டாவில் 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். சான்று இல்லாதவர்கள் உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரின் துணையோடு வேட்டையாட, இரண்டு உரிம ஆண்டுக்கு மட்டும் பயிற்சி நிலை அனுமதி என்று ஒன்று உண்டு. இருந்தாலும் வகுப்புக்கே போய்விடுங்கள். துப்பாக்கியைப் பற்றிச் சினிமாவில் கற்றதை எல்லாம் மறக்கடிப்பார்கள், அதற்காகவே போகலாம்.

உரிமம் வாங்கும்போது வலசைப் பறவை சுடுவீர்களா என்று கேட்பார்கள். வுட்காக் வலசைப் பறவை, ஆகவே ஆம் என்று பதிவு செய்ய வேண்டும். மின்னசோட்டாவில் ஒருவர் கிரவுஸ் நாளுக்கு 5 வரை சுடலாம், மொத்தமாகக் கைவசம் 10 வரை வைத்திருக்கலாம்; வுட்காக் நாளுக்கு 3, கைவசம் 9. கறுத்த ஊசியிலைக் காட்டில் மனிதரைக் கண்டு ஓடாமல் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஸ்ப்ரூஸ் கிரவுஸும் அந்த ஐந்தில் அடங்கும். எல்லை தாண்டி விஸ்கான்சினில் அதே பறவையைத் தொடக்கூடாது. இடுப்புக்கு மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை ஒன்றாவது கட்டாயம். நான் தொப்பி, மேற்சட்டை இரண்டையும் அணியச் சொல்வேன். சுட்ட பறவையை விற்க முடியாது, யாரிடமும் வாங்கவும் முடியாது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகப் பெருநகரச் சந்தைக்குப் போன பறவை இது. அந்த வியாபாரத்தை ஒழித்துத்தான் வேட்டைச் சட்டங்கள் பிறந்தன.

அக்டோபர் என்றால் எந்த வாரம்? பருவம் செப்டம்பர் நடுவிலேயே திறந்துவிடும், ஆனால் அப்போது இலை உதிர்ந்திருக்காது, பறவையின் சத்தத்தைத்தான் சுட வேண்டியிருக்கும். அக்டோபர் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆஸ்பென் இலை மஞ்சளாகிக் கொட்டியிருக்கும், வுட்காக்கும் வலசையில் வந்திறங்கும். எல்லோருக்கும் அதே வாரம்தான் வேண்டும் என்பதால் நல்ல வழிகாட்டிகளுக்கு ஓராண்டு முன்பே நாள்கள் நிரம்பிவிடும். நவம்பர் முதல் வாரத்தில் மான் வேட்டை தொடங்கியதும் நான் நாயை வீட்டிலேயே கட்டிவிடுவேன். நண்பர்கள் வேறு மாநிலம் யோசித்தால் மெய்ன் நல்ல இடம். அங்கே வழிகாட்டிகளுக்கு மாநிலத் தேர்வும் உரிமமும் 1897 முதல் இருக்கின்றன. முதல் உரிமம் பெற்றவர் கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணி. ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை. விடுமுறைக் கணக்குப் போடும்போது அது உதைக்கும்.

கொண்டுபோக வேண்டியதில் காலணிதான் தலையானது. கணுக்காலுக்கு மேல் வரும் தண்ணீர் புகாத பூட்ஸை இப்போதே வாங்கி, இரண்டு மாதம் போட்டுப் பழகிக்கொண்டு போங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி, முள் கிழிக்காத கால்சட்டை, தோல் கையுறை. துப்பாக்கி வழிகாட்டியிடமே இருக்கும். இருபது கேஜ் (குழலின் அளவு) இரட்டைக் குழல், பரவலாகச் சிதறும் வாய், ஏழரை அல்லது எட்டாம் எண் குருணை கேளுங்கள். ஈயக் குருணைக்குப் பதில் எஃகுக் குருணையும் கிடைக்கிறது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் அதையே வாங்குங்கள். மாலையில் உடம்பு முழுக்க உண்ணி பார்க்காமல் படுக்கக் கூடாது, அக்டோபரிலும் அவை உயிரோடுதான் இருக்கும். என் பையில் எப்போதும் ஒரு குறடு இருக்கும், முள்ளம்பன்றிக்காக. என் பிரிட்டனியின் பெயர் மிளகு. அது ஒருமுறை மூக்கு நிறைய முள்ளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தது. நாற்பதுக்கு மேல் பிடுங்கினேன். அடுத்த வாரமே இன்னொரு முள்ளம்பன்றியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "துப்பாக்கியைத் தொட்டதில்லை" என்ற வரிக்குள் ஒரு தயக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கோடையில் பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அடுத்த வசந்தத்தைப் பார்ப்பதில்லை, நாம் சுட்டாலும் சுடாவிட்டாலும். இந்த உண்மையைச் சொல்லித்தான் எல்லா வேட்டைக்காரரும் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா விலையில் நாம் கட்டும் வரி 1937 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தாலும், கையில் இன்னும் சூடாக இருக்கும் பறவையைப் பிடித்திருக்கும்போது எனக்கு ஒன்றும் லேசாகிவிடுவதில்லை. அது லேசாகிவிட்ட ஒருவரோடு நான் காட்டுக்குப் போக விரும்பமாட்டேன். சுட மனம் வராவிட்டால் ஏப்ரல் கடைசியில் வாருங்கள், விடியலுக்கு முன் அந்த டிராக்டர் சத்தத்தைக் கேட்க. அதற்கு உரிமமும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம்.

பறவை கிடைத்தால், சமையல். கிரவுஸின் நெஞ்சுக்கறி வெளிறியது, கொழுப்பே இல்லாதது. குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டால் நார்தான் மிஞ்சும். எலும்பிலிருந்து எடுத்து, நெய்யில் இரண்டு பக்கமும் சில நிமிடம் வாட்டி, மிளகும் உப்பும் போதும். மசாலா போட்டுக் குழம்பு வைத்தால் கோழிக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாமல் போய்விடும், பட்ட பாட்டுக்கு அது நியாயம் இல்லை. கால்களைத் தனியாகச் சேர்த்து ரசம் வைக்கலாம், அற்புதமாக வரும். வுட்காக் தலைகீழ்: நெஞ்சு ஈரல்போல் கறுத்திருக்கும், கால்தான் வெள்ளை. முதல் முறை சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. கறிக்குள் இறகு இழுத்துக்கொண்டு போன இடங்களைக் கீறிப் பாருங்கள், குருணை அங்கேதான் இருக்கும்.

சுத்தம் செய்யும்போது கழுத்தடியிலுள்ள தீனிப்பையை மட்டும் தூக்கி எறியாதீர்கள். வழிகாட்டி வண்டியின் பின்கதவில் வைத்துக் கத்தியால் கீறுவார், எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். காலையில் சுட்டதில் குளோவர் இலைகள், காட்டு ஸ்ட்ராபெரி இலைகள் இருக்கும். மதியத்துக்கு மேல் சுட்டதில் சிவந்த புதர்ப் பழங்களோ ஹேசல் செடியின் மொட்டுத் திரிகளோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நாளைக் காலை எந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்வார்.